மூன்றா, எட்டா, ஆறா?

ஜனவரி 8, திங்கள்

மைனஸ் இருபத்தாறு. கார் கிளம்பவில்லை, நான் கிளம்பினேன். அலுவலகத்துக்கு நடை.

இன்று நாற்பத்தொரு பேருக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு பேர் பதில் சொன்னார்கள். அதில் நான்கு பேர் எங்கள் சவோ வட்டாரத்துக்காரர்கள், நேராகப் பதில் சொல்லாததற்குப் பேர்போனவர்கள், அதனால் பதில் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். "ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள்?" என்று கேட்டால் ஒரு பெரியவர் சொல்கிறார்: "போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனா போட்டா, யாருக்காவதுதான் போடுவேன் தாயி." இதை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

பத்தொன்பது வருடமாக இந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். சவோக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் இன்னும் வரவில்லை. நானும் சவோக்காரிதான், ஈசால்மியிலேயே பிறந்து வளர்ந்தவள். அதனால் கோபம் வருவதில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

தேர்தல் கேள்விகளின் வாலில் மற்ற வாடிக்கையாளர்களின் கேள்விகளும் ஒட்டிக்கொண்டு வரும். இந்த வாரம் ஒரு பேக்கரியின் கேள்வி: ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை சாப்பிடும் பன்னில் உள்ளே ஜாம் வேண்டுமா, பாதாம் விழுது வேண்டுமா? யார் ஜனாதிபதி என்பதில் வாயே திறக்காத அதே பெரியவர் இதற்குக் கத்தினார்: "ஜாம்! ஜாமைத் தவிர வேற எதையாவது வச்சவனை ஜெயில்ல போடணும்!"

ஜனவரி 10, புதன்

சாமுலி தேர்வாகிவிட்டான்!! தேசியப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஏழு பாட்டு. என் தம்பியினுடையது ஆறாவது. ஐரோப்பாவுக்கு எந்தப் பாட்டை அனுப்புவது என்று நாடே போனில் ஓட்டுப் போடும். பிப்ரவரி பத்து, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று. ஒரே வாரக் கடைசியில் இரண்டு ஓட்டு. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் ஹெல்சிங்கியிலிருந்து போன் செய்தபோது மூச்சிரைத்தது. அழுதானோ? பிறகு சட்டென்று கேட்டான்: "அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டேன். அப்பா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "அப்படியா" என்றார். நறுக்குவதை நிறுத்தவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. அப்பா ரைமோவின் இசைக்குழு என்றால் ஏரிக்கரை நடனக் கொட்டகைகளில் கோடைக்காலம் முழுக்க இடம் கிடைக்காது. அப்பா அக்கார்டியன், சாமுலி டேங்கோ பாடுவான். ஒரு ஜூன் மாதம், நடுக்கோடைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "எனக்கு என் பாட்டைப் பாடணும்" என்று கிளம்பிவிட்டான். அந்தத் திருவிழாவில் அப்பா பாடகன் இல்லாமல் வாசித்தார். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கமே போகவில்லை. அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசியது அவன் கிளம்பிய அன்றுதான்.

ஜனவரி 15, திங்கள்

எங்கள் மேற்பார்வையாளர் சிர்பா புதுக் கேள்வித்தாளைக் கொடுத்தாள். பன் கேள்விக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று: "இறுதிச் சுற்றின் ஏழு பாடல்களில் உங்களுக்குப் பிடித்தது எது?"

நேராக அவள் மேசைக்குப் போனேன். "ஆறாம் நம்பர் என் தம்பி" என்றேன்.

"'வெள்ளி பூட்ஸ்' பாட்டா? அதைப் பாடறது உன் தம்பியா?" அவள் கண் விரிந்தது. கொஞ்சம் யோசித்தாள். "ஆறுன்னு படிக்கும்போது குரல் ஏறாம இறங்காம இருந்தாப் போதும். முடிவு வெளியாகிற வரைக்கும் உன் தம்பிகிட்டகூட மூச்சு விடக் கூடாது."

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ஐந்து. ஆறு. ஏழு. ஆறு ஏறுகிறது. இன்னொரு தடவை.

ஜனவரி 17, புதன்

இன்று காதில் விழுந்தவை, எல்லாம் என் தம்பியைப் பற்றி:

"அந்த ரப்பர் பூட்ஸ் பையனா? பாட்டு மோசம். ஆனா காலையிலேர்ந்து அதையேதான் முணுமுணுக்கறேன், என்ன பண்றது?" (ஆசிரியை, கொக்கோலா)

"வீடியோவுல மேடையில தண்ணி ஊத்தி ஆடறானே, கரண்டு வயரெல்லாம் கிடக்காதா? அவங்க வீட்டுல சொல்ல யாருமே இல்லையா?" (ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். எனக்கும் இதே கவலைதான் ஐயா.)

"ஆறா? ஆறுதான். எங்க மாட்டுக் கொட்டகையில அதைப் போட்டா பால் கூடுது." (பெண்மணி, கையானி)

ஏறாமல் இறங்காமல் "நன்றி" என்றேன். மேசைக்கடியில் என் கால் தாளம் போட்டது சிர்பாவுக்குத் தெரியாது.

ஜனவரி 21, ஞாயிறு

அப்பா வீடு. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கருத்துக் கேட்கிறவள், ஒரே ஒரு மனிதரிடம் இன்று முயன்று பார்த்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அப்பா, சாமுலி பாட்டு கேட்டீங்களா?"

"ரேடியோ போட்டா காதுல விழத்தானே செய்யும்."

"எப்படி இருக்கு?"

"சத்தமா இருக்கு."

"பிடிச்சிருக்கா?"

"காபி இன்னொரு கப் ஊத்தட்டுமா?"

என் தொழிலில் இதற்கு 'பதிலளிக்க மறுத்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக்.

ஜனவரி 28, ஞாயிறு

முதல் சுற்று முடிந்தது. ஒன்பது பேரில் இருவர் மிஞ்சினார்கள்: மூன்றாம் எண் கண்ணாடி அம்மாள், எட்டாம் எண் தாடிக்காரர். நான் யாருக்குப் போட்டேன் என்பதை இங்கேயும் எழுதமாட்டேன். டைரிக்கும் காது உண்டு.

வழக்கம்போல ஓட்டுப் போட்டுவிட்டு அப்பா வீட்டில் தேர்தல் காபி, கேக். வழக்கம்போல செல்லாத ஓட்டுக் கதையும். அப்பா முப்பது வருடம் ஆற்றங்கரைப் பள்ளிச் சாவடியில் ஓட்டு எண்ணியவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் யாரோ ஒருவர் வேட்பாளரின் எண்ணை எழுத வேண்டிய இடத்தில் வாத்துப் படம் வரைந்து போடுகிறாராம். ஒரே கை, ஒரே வாத்து. வருடா வருடம் வாத்து குண்டாகிக்கொண்டே போனதாம்.

அப்புறம் பாடம்: "ஒரு நம்பர். ஒரே ஒரு நம்பரை எழுதத் தெரியாதா மனுஷனுக்கு? ஆறுன்னா அடியில ஒரு கோடு போடணும். இல்லேன்னா தலைகீழாப் பார்த்தா ஒன்பது. எத்தனை பேருக்குச் சொல்றது!"

"அடுத்த சுத்துல அந்தக் கவலை இல்லப்பா. ஆறும் ஒன்பதும் தோத்துப்போச்சு."

"ஆமா. மூணு, எட்டு. வேற எது எழுதினாலும் குப்பைதான். அதுலயும் தப்புப் பண்றவன் இருப்பான், பாரு."

ஜனவரி 31, புதன்

இதை எப்படி எழுதுவது! இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. கோபமும்தான்.

எண்களை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, இயந்திரம் குலுக்கிப் போட்டுத் தானே டயல் செய்யும். பதினொன்றரை மணிக்கு என் திரையில் ஓர் எண் வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த எண்.

"ஹலோ, ரைமோ பேசறேன்."

விதி என்ன? தெரிந்தவர் வந்தால் உடனே வேறொருவருக்கு மாற்ற வேண்டும். நான் என் அலுவலகக் குரலில், "வணக்கம், கருத்துக்கணிப்பு நிறுவனத்திலிருந்து அழைக்கிறோம். ஒரு நிமிடம், இணைப்பை மாற்றுகிறேன்" என்றேன்.

"மெர்வியா? என்னம்மா, ஜலதோஷமா? குரல் டிவி நியூஸ் மாதிரி வருது?"

"உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், ஐயா."

"ஐயாவா? காய்ச்சல் பாரு."

பக்கத்து இருக்கையில் ஊனா. கல்லூரிப் பெண், போன மாதம்தான் சேர்ந்தாள். அவளுக்கு மாற்றிவிட்டேன். சாதாரணமாக ஏழு நிமிடம் பிடிக்கும். இது பதினாறு நிமிடம்! ஊனா இரண்டு தடவை சிரித்தாள். கடைசியில் ஒரு தடவை, "ஐயோ, அப்படியா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். எதற்கு அப்படியா? எந்தக் கேள்விக்கு?

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "செம மனுஷன்க்கா" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு நானே வைத்த ஆப்பு.

பிறகு அவள் காபிக்குப் போனாள். திரையை மூடவில்லை. ஒன்றரை மீட்டர் தூரம். மூன்று வருடமாக நானும் சாமுலியும் தெரிந்துகொள்ளத் தவிக்கும் விஷயம் அந்தத் திரையில், ஒரு கட்டத்தில், ஒரு டிக்காக இருக்கிறது. நாற்காலியைப் பாதி திருப்பினேன்.

பாதிதான். மறுபடி நேரே திருப்பி, டப்பாவிலிருந்து இரண்டு உப்பு அதிமதுர மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தேன். நாடு முழுக்க ஆட்கள் என்னை நம்பித்தான் மனதில் இருப்பதைச் சொல்கிறார்கள். அப்பாவும் அந்த நாட்டில் ஓர் ஆள்தானே?

பிப்ரவரி 1, வியாழன்

சாமுலியிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய், வாய்.

"ஒன்றரை மீட்டர்ல இருந்துச்சா?"

"ஆமா."

"நீ பாக்கலை?"

"பாக்கலைடா."

"நீ எனக்கு அக்காவா, இல்ல கவர்மென்ட் ஆபீசா?" பிறகு வேறு குரலில்: "எனக்கு நாடு என்ன சொல்லுதுன்னு வேணாம்க்கா. ஒரே ஒரு ஆள் என்ன சொல்றாருன்னு தெரிஞ்சா அந்த மேடையில நிம்மதியா நிப்பேன். அவ்ளோதான்."

"நீயே கேளேன்டா."

"அவரு காபி வேணுமான்னு கேப்பாரு."

வைத்துவிட்டான். செய்தது சரிதான் என்று தெரியும். பின்னே ஏன் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 3, சனி

சந்தைத் திடலில் தாடிக்காரர் கூடாரத்தில் பட்டாணி சூப், கண்ணாடி அம்மாள் கூடாரத்தில் காபியும் பன்னும். ஊரே சூப்பை அங்கே குடித்துவிட்டு, காபிக்கு இங்கே வருகிறது. யாருக்கு ஓட்டு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கூடாரத்து ஒலிபெருக்கியிலும் 'வெள்ளி பூட்ஸ்'தான். எதிர்க்கட்சிகள் ஒத்துப்போனதை இன்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

கணிப்பு வெளியானது. கண்ணாடி அம்மாள் 53, தாடிக்காரர் 47. ஜாம் 58, பாதாம் விழுது 42. ஆறாம் பாட்டு நான்காவது இடம், 11 சதவீதம்.

சாமுலியிடமிருந்து ஒரு வரி: "அந்தப் பதினொண்ணுல அவரு உண்டா?"

சத்தியமாக எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

முதலில் நேற்று.

அப்பாவைப் பாட்டுப் போட்டி பார்க்க என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். "சனிக்கிழமை சவுனா நாள்" என்றார். அறுபது வருடமாகச் சனிக்கிழமை அந்த நீராவிக் குளியல் ஆறு மணிக்கு. போட்டி ஒன்பது மணிக்கு. மூன்று மணி நேரம் யார் சவுனாவில் உட்காருவார்கள், வெந்துபோகமாட்டார்களா?

டிவியில் சாமுலி வந்தான். முழங்கால் வரை வெள்ளி ரப்பர் பூட்ஸ், மேடை முழுக்கத் தண்ணீர். ஒவ்வொரு குட்டையிலும் குதித்தான். என் கண்ணுக்கு அவன் ஆறு வயதில் ஏரிக்கரையில் குதித்ததுதான் தெரிந்தது. அழுதேன், ஆமாம். பிறகு போனை எடுத்தேன். ஒரு போனிலிருந்து இருபது ஓட்டுத்தான் விடுவார்கள். எண்ணை அழுத்தி, கடைசியில் ஆறு. எண்ணை அழுத்தி, ஆறு. இருபது தடவை. விரல் வலித்தது.

ஒன்பதே முக்காலுக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். லைன் பிஸி. பத்து மணிக்கும் பிஸி. பக்கத்து வீட்டுக்காரரோடு பனி தள்ளுகிற வண்டி விஷயமாகச் சண்டை போலிருக்கிறது, பாவம் அவர்.

நடுவர்கள் சாமுலியை ஏழில் ஆறாவதாக வைத்தார்கள். மக்கள் ஓட்டு சேர்ந்ததும் மூன்றாவது! எங்கள் கணிப்பு ஒரு படி தவறியது. தவறியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட கணிப்பாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சரி. இன்று. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை. கண் மட்டும் தூங்காத கண். வரிசையில் அவர் எனக்கு முன்னால். மறைப்புக்குள் போனார், வந்தார், முத்திரை குத்தினார்கள், பெட்டியில் போட்டார். அடுத்து நான். பென்சில், வட்டம், ஓர் எண். எழுதினேன், மடித்தேன், முத்திரை, பெட்டி. வெளியே வந்து படியில் கையுறை மாட்டும்போது—

ஆறு எழுதிவிட்டேன்.

அடிப் பாவி. ஆறு! மூன்றா எட்டா என்று ஒரு நாட்டையே கேட்டு நச்சரித்தவள், பென்சிலைப் பிடித்ததும் ஆறு என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போய்க் கேட்கலாமா? பெட்டிக்குள் விழுந்தது விழுந்ததுதான். ரைமோவின் மகளுக்கு இதுகூடவா தெரியாது?

அப்பா வீட்டில் தேர்தல் காபி. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது, கண்டுபிடித்துவிடுவாரோ என்று. நல்லவேளை, அவர் இன்று அதிகம் பேசவில்லை. காதெல்லாம் சிவந்திருந்தது, குளிர்தான். வாத்துக் கதைகூடச் சொல்லவில்லை.

கண்ணாடி அம்மாள் ஜெயித்துவிட்டார். 52.6. என் ஓட்டு இல்லாமலே நாடு நடக்கும் போலிருக்கிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

பன் நாள். எனக்கு ஜாம் வைத்தது, அப்பாவுக்குப் பாதாம் விழுது வைத்தது. இந்த வீட்டில் கருத்து வேற்றுமை என்பது புதிதில்லை.

அவர் காபி ஊற்றினார். நான் உள்ளூர்ப் பேப்பரைப் பிரித்தேன். மூன்றாம் பக்கம் கீழே ஒரு சின்னக் கட்டம், ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் போடுவார்கள்: செல்லாத ஓட்டுகள். சத்தமாக வாசித்தேன், பழக்கம்.

"ஆற்றங்கரைப் பள்ளியில் மூன்று. ஒன்று வாத்து, முன்பைவிடக் குண்டாக இருந்தது. மற்ற இரண்டிலும் போட்டியிலேயே இல்லாத 6. அதில் ஒன்றில் ஆறுக்கு அடியில் நேர்த்தியான கோடு."

வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் கோடு போடவில்லை.

அப்பா பன்னின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த பாதாம் விழுதை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவப்பு. வீட்டுக்குள் ஏது குளிர்?

"கோடு போட்டிருக்காங்களாம்ப்பா."

"நல்ல பழக்கம்."

"யாரா இருக்கும்?"

"ஓட்டு ரகசியம்."

"கோடு போடாத ஆறு என்னோடது."

நிமிர்ந்து பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு அவர் சிரித்தது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "கோடு போடலையா நீ? முப்பது வருஷமா சொல்றேன், கோடு போடலையா!" இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். பன்னிலிருந்து கிரீம் வழிந்து சட்டையில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"சனிக்கிழமை எத்தனை தடவை போன் பண்ணீங்க?"

"இருபதுக்கு மேல விடமாட்டேங்கறான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மறுநாள் பென்சிலைப் பிடிச்சா கை வேற நம்பர் எழுத மாட்டேங்குது. முப்பது வருஷம் எண்ணினவன் நான். வெளிய சொன்னே, தொலைச்சிடுவேன்."

நான் சாமுலிக்குப் போன் போட்டு மேசையில் வைத்தேன். எடுத்து "அக்கா?" என்றான். நான் அவனோடு பேசவில்லை. என் அலுவலகக் குரலில், ஏறாமல் இறங்காமல், அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்:

"ஐயா, ஆறாம் எண் பாடலைப் பற்றி உங்கள் கருத்து என்ன?"

அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காபிப் பாத்திரத்தைக்கூடப் பார்த்தார். நான் அதை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"சத்தமா இருக்கு" என்றார். நான் காத்திருந்தேன். பதில் வரும்வரை காத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

"பிடிச்சிருக்கு" என்றார். "எழுதிக்கோ."

பன் கேள்வியைத் தவிர்த்தால், பத்தொன்பது வருடத்தில் ஒரு சவோக்காரர் எனக்குத் தந்த முதல் நேரான பதில். போனில் சாமுலி மூக்கை உறிஞ்சினான். "அப்பா, நடுவுல ஒரு இடம் காலியா விட்டிருந்தேன், கவனிச்சீங்களா? அங்க அக்கார்டியன் வரணும்."

"கவனிக்காம என்ன. அந்த இடத்துலதான் சுருதி விட்டே." அப்பா நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, பாடு. முதல்லேர்ந்து."

நான் அவருடைய பன்னையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பாதாம் விழுது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.

ஜூன் 22, சனி

நடுக்கோடைத் திருவிழா, ஏரிக்கரைக் கொட்டகை. சாமுலியின் இரண்டாவது ஜோடி வெள்ளி பூட்ஸ் அப்பா காலுக்கு ஓர் அளவு பெரிது. உள்ளே இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.